செத்தவருக்கு அடுத்த பெயர்

பெரிய ஃபைல் ஒன்றை முழுதாகத் திறக்காமல் ஓடவிட்டு வாசிப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்கள் போனில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது. பாதிப் பேர் இப்போதும் மேசைக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது, அப்படி ஒரு ஃபைல் ஓடி முடிந்து, பிழை ஒன்றுமில்லை என்று திரை பச்சையாகக் காட்டிய பிறகு நடந்ததை. என்னைப் பேச அழைத்தவர்கள், "மிஸ், அனுபவத்தைச் சொல்லுங்க, புதுசா வந்த பிள்ளைகளைப் பயமுறுத்திடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். முதலாவதைச் செய்கிறேன். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. கண்டி டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தமும் ஹந்தானை மலையும் சேர்ந்தே உள்ளே வரும். தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நோயாளிகளுக்கு மாதாமாதம் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தரும ஸ்தாபனத்துக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தம், ஆஸ்துமா என்று மருந்து எடுக்கும் அத்தனை பேரும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் இருந்தார்கள். ஒருவருடைய பெயர், வீடு, இத்தனை வருடமாகப் பார்த்த டாக்டர்மார், எடுத்த டெஸ்ட், குடித்த குளிசை மாத்திரை எல்லாம் அதற்குள். முழுதாகத் திறந்தால் கணினி மூச்சடைத்து நின்றுவிடும். ஆகவே ஒரு முனையிலிருந்து வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஓர் ஆள் வருவார், அவரை வாசித்து, எழுதி, மறந்துவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும். பெரஹரா ஊர்வலத்தைக் கதவிடுக்கால் பார்க்கிற மாதிரி. கண்ணுக்கு முன்னால் நிற்கிற யானை மட்டும்தான் தெரியும். போன யானையும் தெரியாது, வரப்போகிற யானையும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்பார்கள். இரண்டு காம்பராவுக்கு நடுவில் ஒரே சுவர்தான். எங்கள் ஃபைலும் அந்த வரிசையில்தான் இருந்தது. மருந்து எடுக்கிற ஒருவருக்குச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறாரோ, ஃபைலிலும் அவருக்கு அடுத்த ஆள் அவர்தான். வண்டிக்காரர்கள் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்று அப்போது எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அன்று வெள்ளிக்கிழமை காலை. அந்த மாதத்து லிஸ்ட் முந்தைய நாளே அச்சாகிப் போயிருந்தது. மருந்து கொண்டுபோகும் நியாஸ் எங்கள் படியேறி வந்தார். கம்பளைக்காரர், வாயைத் திறந்தால் கேலியும் பகிடியும்தான். அன்றைக்கு ஒரு பகிடியும் இல்லை, கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"மிஸ், நான் செல்றதுக்குச் சிரிக்கப்படாது."

"காலங்காத்தால சிரிக்க எனக்கு நேரமில்ல. சொல்லுங்க."

"ஹந்தானைப் பக்கம் கீழ்லயத்துல பெருமாள் எண்டு ஒரு பெரியவர் மவுத்தானாரு. நான்தான் டெப்லட்ல பதிஞ்சேன். அடுத்த மாசம் லிஸ்ட்ல அவர்ட பக்கத்துக் காம்பரா முத்தம்மாட பேர் இல்ல. மனுசி என் முன்னுக்கு நிக்கிறாங்க. சிஸ்டத்துல பாத்தா மவுத்து எண்டு ஈக்கிது. மேல சொன்னேன். உயிரோட ஈக்கிறதுக்குக் கிராம சேவகர்ட கடிதம் கொண்டுவரச் செல்லுங்க எண்டாங்க."

"யாராவது கைதவறி அமத்தியிருப்பாங்க நியாஸ்."

"கடிதம் எடுக்க முந்தியே அவங்க மவுத்தாகிட்டாங்க மிஸ்."

அவர் கையிலிருந்த லிஸ்டை மேசையில் வைத்தார்.

"இந்த மாச லிஸ்ட் கைக்கு வந்த ஒடனே வேற ஒண்டும் பாக்கல்ல. முத்தம்மாக்கு அடுத்த காம்பரா செல்வராணி. அந்தப் பேரைத்தான் தேடினேன். எனக்குத் தெரியும் மிஸ், இருக்காது எண்டு. இல்ல. லயத்துச் சனம் செல்லுது, அது சொவருக்குச் சொவர் போகுதாம்."

நான் சாமி கும்பிடுகிறவள், ஆனால் பேய்க்குப் பயந்தவள் இல்லை. இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் கணினிப் பக்கம் திரும்பினேன். அந்த மூன்று பெயர்களையும் திரையில் எடுத்தேன். பெருமாள், முத்தம்மா, செல்வராணி. மூன்று பேருக்கும் இறந்த தேதி ஒன்றே. பெருமாள் செத்த தேதி. உயிரோடு நியாஸிடம் பேசிக்கொண்டிருந்த முத்தம்மாவும், இன்னும் உயிரோடிருக்கிற செல்வராணியும், அந்த மனிதர் போன அதே நாளில் போயிருந்தார்கள்.

ஒரே தேதி என்றதும் எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. புரோகிராமின் கோடைத் திறந்து பார்த்தேன். தப்பு அங்கேயே இருந்தது. புரோகிராமுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளின் விவரத்தைக் கையில் எடுக்கும், எழுதும், பிறகு கையைக் கழுவும். இறந்தவர்களுக்கு மருந்து கட்டக்கூடாது, அவர்களை வேறு வழியால் அனுப்ப வேண்டும் என்று பின்னால் ஒருவர் ஒரு கதவு வைத்திருந்தார். எழுதியவர் அதற்குள் நாடு விட்டுப் போய்விட்டார், அவரைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கதவால் போகும்போது மட்டும் கை கழுவப்படவில்லை. செத்தவரின் தேதி கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வருகிற ஆளுக்கு இறந்த தேதி என்று ஒன்றும் கிடையாது, ஆகவே ஒட்டியிருந்ததை அவர் தலையில் எழுதிவிடும். ஆனாலும் வாசித்தபோது அவர் உயிருள்ளவர்தான், ஆகவே வழக்கமான கதவால் போவார், அங்கே கை கழுவப்படும்; எழுதியதிலிருந்து எடுக்கிற லிஸ்டில் மட்டும் அவர் பேர் இருக்காது. ஒரு சுவரோடு நின்றுவிடும்.

அந்த மாதத்துக்கு மட்டும். ஏனென்றால் இந்த மாதம் எழுதியதைத்தான் அடுத்த மாதம் வாசிக்கிறோம். அப்போது முத்தம்மா உண்மையாகவே செத்தவர் கணக்கு. அவர் சிறப்புக் கதவால் போவார். கையில் ஒட்டியது அடுத்த சுவருக்குப் போகும். மாதத்துக்கு ஒரு சுவர். லயத்துச் சனம் சொன்னது அப்படியே சரி.

ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இறந்த தேதியைப் பதிவது புது வழக்கம், பரீட்சார்த்தமாக அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் தொடங்கியிருந்தோம். உள்ளே போனவர்களின் எண்ணிக்கையும் வெளியே வந்தவர்களின் எண்ணிக்கையும் எப்போதும் சரியாக இருந்தது. யாரும் தொலையவில்லையே, செத்தவர்களாக மாறினார்கள், அவ்வளவுதான். எழுதியவர் சோதித்துப் பார்த்த ஃபைலையும் தேடி எடுத்தேன். அதில் செத்தவர் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் யாருமே இல்லை. பிள்ளைகளே, சோதனை ஃபைலில் செத்தவரைக் கடைசியில் வைக்காதீர்கள். அவருக்குப் பின்னால் உயிரோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்.

எங்கள் மேலாளர் குகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட வயதில் சிறியவர், கெட்டிக்காரர். கேட்டுவிட்டு, "விளங்குது அக்கா. இப்ப அந்த மனுசிக்கு என்ன மருந்து?" என்றார்.

"நெஞ்சுல வால்வு மாத்தின ஆள். ரத்தம் உறையாம இருக்கிற குளிசை. அது இல்லாம இருக்கக்கூடாது."

"அப்ப முதல் அதைப் பாப்பம். டிஸ்பென்சரிக்குச் சொல்லிக் கையால ஒரு பொட்டலம் கட்டுவிக்கிறன். நீங்கள் நியாஸோட போய்க் குடுங்கோ. கோடைத் திங்கக்கிழமை திருத்தலாம்."

நியாயமான பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

மேலே போகப் போக மப்பும் பனியும். கீழ்லயத்துக்கு இறங்கும்போது பகல்தான், ஆனாலும் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. வேலை நாள், பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார்கள். இருந்தாலும் ஒரு லயம் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ரேடியோ இல்லை, நாய் கூடக் குரைக்கவில்லை. பெருமாளின் காம்பரா பூட்டிக் கிடந்தது. முத்தம்மாவின் காம்பராவும் பூட்டு. அவருடைய மகள் குடும்பத்தோடு புசல்லாவைக்குப் போய்விட்டாராம். அடுத்தது செல்வராணியின் கதவு. அதைத் தாண்டி லயத்தின் கடைசி வரைக்கும் எல்லா நிலையிலும் வேப்பிலை செருகியிருந்தது. செல்வராணியின் நிலையில் மட்டும் இல்லை.

"அவங்கள விட்டுட்டாங்க மிஸ்" என்று நியாஸ் மெதுவாகச் சொன்னார்.

செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். "வாங்க மிஸ், உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மூச்சு வாங்கியது, காலில் வீக்கம் தெரிந்தது. பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம்பேரு ஒட்டலையே மிஸ்."

"நான் எழுதித் தாறேன்."

"நீங்க எழுதுறது வேற. லிஸ்ட்ல வந்து, பேரக் கூப்பிட்டு, நான் இருக்கேன்னு சொல்லி வாங்கணும். பேரில்லாமக் கொண்டாந்து வைக்கிறது படையலுக்கு வைக்கிற மாதிரிங்க."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மருந்து நாளன்று லயத்து முற்றத்தில் எல்லோரும் கூடி நிற்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவது மாதிரி நியாஸ் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தை வாங்குவார்கள். நியாஸ் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே அப்படிச் செய்தார்கள்.

கணினியில் நடந்த தப்பு என்று விளக்கினேன். கை கழுவிய கதை, கழுவாத கதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தப்புன்னா முத்தம்மா அக்கா எப்படி மிஸ் போனாங்க?"

முத்தம்மாவுக்கு ஒரு மாதம் சீனி மருந்து போகவில்லை. காய்ச்சலும் இருந்திருக்கிறது. எது கொண்டுபோனது என்று டாக்டர் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஃபைல் முதலில் சொன்னது, பிறகு அது நடந்தது. அந்த நேரம் முத்தம்மாவின் சுவரில், அந்தப் பக்கத்திலிருந்து, தட்டுகிற சத்தம் கேட்டது. கூரைத் தகரம் காற்றில் ஆடி அடித்திருக்கும். நியாஸ் கலிமாவை முணுமுணுத்தார். செல்வராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குளிசை முடிஞ்சு எத்தன நாளாகுது?" என்று கேட்டேன்.

"முடியல மிஸ். போன மாசத்தது இன்னும் கெடக்கு. நாந்தான் நிப்பாட்டிட்டேன்."

மருந்து கிடைக்காமல் சாகப்போகிற ஒருவரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மருந்தை வைத்துக்கொண்டு இவர் குடிக்காமல் இருக்கிறார்.

"ஏன் செல்வராணி?"

"எனக்கு அடுத்த பேரு யாருன்னு தெரியுமா மிஸ்? எங்க தர்ஷினி. ஆஸ்துமாவுக்குப் பம்பு எடுக்கிறா. எம்பேரு, அதுக்குக் கீழ அவ பேரு. அதனாலதான் கதவுல வேப்பிலயும் வைக்கல. என்னைய விட்டுட்டா அது அவகிட்டப் போயிடும். அதுக்கு ஆளு வேணும்னா என்னைய எடுத்துக்கிட்டு இங்கேயே நின்னுக்கட்டும்."

சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால், எங்கள் எல்லோர் மேலும்தான். நாங்கள் டவுனில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு ஓடவிட்ட ஒரு ஃபைல், இங்கே ஒரு தாயைச் சாகத் தயார்ப்படுத்தியிருக்கிறது.

'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க' என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். டாக்டரிடம் பாரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு எப்படி நடக்கும், எங்கே நிற்கும் என்று அந்த லயத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதற்குப் பசி கிடையாது. பழக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பழக்கத்தையே சொல்வது என்று முடிவெடுத்தேன். சரியா பிழையா என்று யோசிக்க அவகாசமில்லை.

"செல்வராணி, நான் சொல்றதக் கோவிக்காமக் கேளுங்க. நீங்க போனா அது நிக்காது. நேரா உங்க புள்ளகிட்டத்தான் போகும்."

"மிஸ்" என்றார் நியாஸ், அதட்டுகிற மாதிரி.

நான் நிறுத்தவில்லை. "அது செத்த பேர்ல இருந்துதான் அடுத்த பேருக்குத் தாவும். உயிரோட ஒரு பேர் நடுவுல நின்னா அங்கேயே கழுவிப் போயிடும், தாண்டாது. இப்ப உங்க பேர்ல இருக்கிறது பொய். பொய்யை நான் அழிச்சிருவேன். நீங்க நெசமாவே போயிட்டீங்கன்னா அத நான் அழிக்க முடியாது. முத்தம்மாவுக்கும் தர்ஷினிக்கும் நடுவுல நிக்கிற ஆள் நீங்கதான். நீங்க இருந்தாத்தான் அவளுக்குக் காவல்."

செல்வராணி எழுந்து உள்ளே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கையில் குவளையோடு வந்து என் கண் முன்னால் ஒரு குளிசையைப் போட்டு விழுங்கினார்.

"இன்னைக்குக் குடிச்சிட்டேன். நாளைக்கு மருந்து குடுக்கையில லிஸ்ட்ல எம்பேரும் எம்புள்ள பேரும் வரணும். வரலன்னா இதுக்கு மேல தொடமாட்டேன் மிஸ். கோவிச்சுக்காதீங்க."

ஆபீசுக்குத் திரும்பியதும் குகனிடம் திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்றேன். அவர் மறுக்கவில்லை. செல்வராணியின் பொய்த் தேதியை எடுத்தோம். முத்தம்மாவுக்கு அவர் உண்மையாகச் செத்த தேதியைப் போட்டோம். அந்தக் கதவிலும் கை கழுவும்படி கோடைத் திருத்தினேன். ஒரு வரிதான். ஒரு வரி என்பதைக் கேட்டு நிம்மதியடையாதீர்கள். அது இல்லாமல் போனதும் ஒரு வரிதான்.

பிறகுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"அக்கா, ஏன் வீண் சோலி? பெருமாளையும் முத்தம்மாவையும் ஃபைலிலயிருந்து எடுத்துவிடுவம். அவைக்கு இனி மருந்து தேவையில்லைத்தானே. அப்ப இந்த மனுசிக்கு மேல செத்த ஆக்களே இல்லை. ஒண்டும் ஒட்டாது. திருத்தினது பிழையாப் போனாலும் இவவுக்கும் பிள்ளைக்கும் பயமில்லை."

"அவங்களுக்குப் பயமில்ல. திருத்தினது வேலை செய்யுதா இல்லையான்னு நமக்குத் தெரியாமப் போயிடும். அடுத்த மாசம் வேற லயத்துல ஒருத்தர் செத்தா?"

"அதுக்கு வேற ஃபைலில சோதிக்கலாமே."

"முந்தியும் வேற ஃபைல்லதான் சோதிச்சாங்க குகன். செத்தவங்க அவங்க இடத்துலயே இருக்கட்டும். அவங்களத் தாண்டித்தான் செல்வராணி உயிரோட வரணும்."

"பிழையாப் போனால்?"

தவறிப்போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். லிஸ்டைக் கையால் எழுதி ஏமாற்றலாம், ஏமாற்றியும் இருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் புரோகிராம் சொல்கிற எதையும் நானே நம்பியிருக்கமாட்டேன். குகன் தலையைச் சொறிந்தார். "ஓம் அக்கா, விடுங்கோ பாப்பம்" என்றார். மூத்தவர்களுக்கு மேலாளராக வரப்போகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அந்த 'விடுங்கோ பாப்பம்' சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று அப்போது தெரியும்.

வழக்கமாக ஃபைல் ஓடும்போது திரையில் ஒன்றும் காட்டமாட்டோம், அதற்கு நேரம் வீணாகும். அன்றைக்குக் கீழ்லயத்துப் பெயர்களைக் காட்டச் சொன்னேன். மற்றத் தோட்டத்துச் சனமெல்லாம் சத்தமில்லாமல் ஓடி முடியும்வரை வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓடுகிற ஃபைலில் ஒருவரையும் நிறுத்திவைத்துப் பார்க்க முடியாது, போனவரைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. அதனால்தான் வருகிறவரை வெறுங்கையோடு எதிர்கொள்ள வேண்டும் என்கிறேன். பெருமாள் வந்தார். இறந்தவர். முத்தம்மா வந்தார். இறந்தவர். அடுத்த வரி வந்தது. செல்வராணி, குளிசையின் பெயர், அளவு. இறந்த தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் கீழ் தர்ஷினி. அதுவும் வெறுமை. குகன் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஹந்தானைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, முழுக்கப் பனி.

மறுநாள் சனிக்கிழமை. நியாஸோடு நானும் போனேன். முற்றத்தில் லயமே கூடி நின்றது. வழக்கமாக மருந்து வாங்குகிறவர்கள் மட்டும்தான் வருவார்களாம், அன்றைக்குக் கைக்குழந்தைகூட வந்திருந்தது. பனி விலகவில்லை. செல்வராணி நடுவில் நின்றார், அவரைச் சுற்றி ஒரு ஆள் இடைவெளி விட்டு மற்றவர்கள் நின்றார்கள். தர்ஷினி சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் நின்றாள்.

நியாஸ் லிஸ்டை விரித்தார். செல்வராணி கையைத் தூக்கினார்.

"தம்பி, மேல இருந்து கூப்பிடுங்க. பெருமாள் மாமாவயும் கூப்பிடுங்க. முத்தம்மா அக்காவயும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு பெண் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். நியாஸ் என்னைப் பார்த்தார். அவர்களுடைய பேர் லிஸ்டில் இல்லை, இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று நான் தலையசைத்தேன். வேறென்ன செய்ய.

"பெருமாள்."

ஒருவரும் பேசவில்லை. நியாஸ் காத்திருந்தார். பூட்டிய கதவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"முத்தம்மா."

அவ்வளவு பேர் இருந்தும் ஒரு இருமல் கூட இல்லை. அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நானே ஓடியிருப்பேன், சத்தியமாக.

"செல்வராணி."

"இருக்கேன்" என்றார். பலமாகச் சொன்னார், முன்னால் வந்தார், பொட்டலத்தை வாங்கினார். தன் பேர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. நியாஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நியாஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டார். "தர்ஷினி."

"இருக்கேன் அங்கிள்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைக் குரல் வந்தது. செல்வராணி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். லயத்துப் பெண்கள் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.